மனைவியோடு மலைநாட்டின் மேலே: ஹெலிகொப்டர் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு தனியார் ஹெலிகொப்டர் விமானி. பறப்பது என் தொழில் அல்ல. நண்பர்கள் மூவர் சேர்ந்து வைத்திருக்கும் ரொபின்சன் ஆர்44 ரக ஹெலிகொப்டர் இரத்மலானையில் நிற்கிறது. என் முறை வரும்போது எடுப்பேன். போன பெப்ரவரியில் என் மனைவியை ஏற்றிக்கொண்டு, அவர் பிறந்து வளர்ந்த தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மேலே போய் வந்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், தோட்டத்து நண்பர்கள், பறக்கப் பழகும் தம்பிமார் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

தனியார் லைசன்ஸ் வைத்திருப்பவர் மனைவியை ஏற்றிக்கொண்டு போகலாமா?

போகலாம். காசு வாங்கத்தான் கூடாது. சர்வதேச விதிப்படி ஹெலிகொப்டருக்கான தனியார் லைசன்ஸ் எடுக்கக் குறைந்தது 17 வயது, 40 மணிநேரப் பறப்பு, வைத்தியப் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை, பறப்புப் பரீட்சை எல்லாம் வேண்டும். எனக்கு 40 போதவில்லை, 60 மணிநேரம் தாண்டித்தான் கிடைத்தது.

லைசன்ஸ் கையில் வந்தது என்பதற்காக மலைக்குப் போய்விட முடியாது. கரையோரத் தட்டை நிலத்தில் பழகிய கை, மலைக்காற்றில் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். மலையில் மட்டும் பயிற்றுநரோடு எட்டுத் தடவை போனேன். அதுவரை மனைவியைக் கூப்பிடவில்லை. வீட்டு ஆளை ஏற்றுவதற்கு முன்னால் யாரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரத்மலானையிலிருந்து எவ்வளவு நேரம்?

நேர்க்கோட்டில் நுவரெலியா ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 100 நொட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணிநேரம்தான். கொழும்பிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் ஆறு மணிநேரத்துக்கு மேல் ஆகும் என்பதை நினைத்தால் நம்பவே முடியாது.

ஆனால் நாங்கள் நேர்க்கோட்டில் போவதில்லை. அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாகப் பாதையை ஒட்டி ஏறி, காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, ஹட்டன், தலவாக்கலை என்று போவோம். களனி கங்கைப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு போனால் இறங்க வேண்டி வந்தாலும் கீழே வயலோ மைதானமோ இருக்கும். மலையில் எரிபொருளை நம்பிப் போக முடியாததால், போக வரவும் அதற்கு மேல் ஒரு முக்கால் மணிநேரத்துக்கும் இரத்மலானையிலேயே ஏற்றிக்கொள்வோம்.

எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

மேற்குச் சரிவுக்கு, அதாவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக்கு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அந்தச் சரிவில்தான் வந்து மோதும். அந்தக் காலத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயிலடிக்கும், ஆனால் காற்று பொல்லாதது. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வறண்டு இறங்கும் கச்சான் காற்று அது. கீழே நிற்பவருக்கு முகத்தில் சூடு படும். மேலே பறப்பவரை மலைமுகட்டுக்குப் பின்னால் பிடித்துக் கீழே தள்ளும்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் காலை கண்ணாடி மாதிரி இருக்கும். பகல் ஒரு மணிக்கு இடி இடிக்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னேர மழைக்கு முன் கொழுந்து நிறுக்க ஓடியவர்கள் அவர்கள்.

நேரம் என்றால், விடிந்தவுடன். ஆறரைக்கு மேலே கிளம்பி, பத்து மணிக்குள் மலையை விட்டு இறங்கிவிடுவது எங்கள் கணக்கு. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறி, முகட்டில் வெள்ளையாய்த் திரளும். அப்புத்தளையில் அது தெற்கிலிருந்து ஏறி வருவதை ஸ்டேஷனில் நின்றே பார்க்கலாம். பதினைந்து நிமிடத்தில் ஊரே மறைந்துபோகும்.

முதல் தடவை பாதியில் திரும்பி வந்தீர்களாமே, ஏன்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி. எனக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. இரத்மலானையில் வானம் சுத்தம். கித்துல்கலை தாண்டும் வரை ஒரு குறையுமில்லை. கினிகத்தேனைக்கு முன்னால் பள்ளத்தாக்கின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. அடியில் இடைவெளி இருந்தது. பாதையும், பாதையில் போகும் பஸ்ஸும் தெரிந்தன. அந்த இடைவெளிக்குள் நுழைந்து போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. மூன்று மாதம் காத்திருந்த நாள் அது. மாமியார் தோட்டத்தில் காலையிலிருந்தே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது ஹெட்செட்டில் மனைவியின் குரல்: “என்னங்க, நோட்டன் பக்கம் மலை ஒண்ணுமே தெரியல்ல. திரும்பிருவோமா?”

கிளம்பும் முன் எங்களுக்குள் ஓர் உடன்பாடு இருந்தது. இருவரில் யார் “திரும்புவோம்” என்று சொன்னாலும் திரும்புவது. காரணம் கேட்பதில்லை, வீட்டுக்குப் போன பிறகும் அதைப் பற்றிக் குறை சொல்வதில்லை. உடனே வலப்பக்கச் சரிவை ஒட்டி இடப்பக்கமாகத் திருப்பினேன். பள்ளத்தாக்கில் ஒருபோதும் நடுவில் பறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்தது அன்றைக்கு உதவியது. ஒரு பக்கமாய் ஒதுங்கிப் போனால்தான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும்.

இரத்மலானையில் இறங்கி, ஃபோன் எடுத்து மாமியாரிடம் சொன்னோம். “இங்கன கைய நீட்டுனா கை தெரியல்ல தம்பி, வராதீங்க” என்றார். ஏழு மணியிலிருந்தே அங்கே அப்படித்தானாம். எழுபது வயதுக்காரர், மலையிலேயே இருப்பவர். கிளம்பும் முன்னே அவரைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகு அவருக்கும் ஒரு ஃபோன் போடுகிறேன்.

மேகத்துக்குள் கொஞ்ச தூரம் போய் மறுபக்கம் வந்துவிட முடியாதா?

முடியாது. தனியார் விமானி கண்ணால் பார்த்துப் பறப்பவர். மேகத்துக்குள் போனதும் மேல் எது, கீழ் எது என்பதே உடம்புக்குத் தெரியாமல் போகும். காது ஒன்று சொல்லும், கருவி வேறொன்று சொல்லும். ஹெலிகொப்டர் தானாக நேராக நிற்கும் சாதனமல்ல. கையை எடுத்தால் சாயத் தொடங்கிவிடும்.

அப்புறம், நம்முடைய மேகத்துக்குள் மலை இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஏழு கன்னியர் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்கவில் இறங்க வந்த டி.சி.-8 விமானம் அந்த மலையில் மோதியது. இருந்த 191 பேரும் இறந்துபோனார்கள். தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மலையைக் கடப்பதற்கு முன்பே கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்கள். நான்கு என்ஜின், அனுபவம் மிக்க விமானிகள், அத்தனை கருவிகள். அந்த ஏழு சிகரங்களைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

நான்கு சீட் இருக்கிறதே, இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளலாமே?

காகிதக் கணக்கில் தாங்கும். ஆர்44 இரண்டாம் ரகத்தின் உச்ச எடை 1,134 கிலோ. வெறும் எடை 680 கிலோ அளவில். மிச்சமிருக்கும் 450 கிலோவில் எரிபொருள் ஏறத்தாழ 115 கிலோ, நாங்கள் இருவரும் 133. இன்னும் இருவர் ஏறினாலும் எல்லைக்குள்தான்.

பிரச்சினை எடையில் மட்டும் இல்லை, காற்றில் இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி. அந்த உயரத்துக்கான நியமக் கணக்குப்படி வெப்பநிலை 3 டிகிரியாக இருக்க வேண்டும். பகலில் அங்கே 20 டிகிரி. சூட்டில் காற்று மெலிவதால், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும்: 17 டிகிரிக்கு 2,000 அடிக்கு மேல். ஆக, நுவரெலியா மைதானத்தில் நிற்கும் ஹெலிகொப்டருக்கு, தான் 8,000 அடிக்கு மேலே நிற்பது போலத்தான் இருக்கும். பிதுருதலாகலை உச்சியே 8,281 அடிதான். குதிரைப் பந்தயத் திடலில் இறங்கினாலும், தலைக்கு மேல் இறக்கைகளோடு சுற்றும் நம் சுழலி பிடித்துத் தள்ளும் காற்று மலையுச்சிக் காற்று.

கொழும்பில் நாலு பேரோடு சும்மா எழும்பும் ஹெலிகொப்டர் அங்கே மூச்சு வாங்கும். இருவரோடு போனால் கையிருப்பில் சக்தி இருக்கும். கீழே அமுக்கும் ஒரு காற்று பிடித்தால் அதிலிருந்து ஏறி வெளியே வர அந்தக் கையிருப்புத்தான் வேண்டும். அதனால் இருவர். சில நாள் மூவர். நாலு பேர் என்றால் தட்டை நிலத்தில் மட்டும்.

என்ஜின் நின்றுவிட்டால் கல் மாதிரி விழுமா?

விழாது. இடது கையால் பிடித்திருக்கும், ஏற்றி இறக்க உதவும் கலெக்டிவ் நெம்பை அந்தக் கணமே முழுதாய் இறக்க வேண்டும். அப்போது கீழிருந்து வரும் காற்று சுழலியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வேப்பம்பழம் அல்ல, சுற்றிச் சுற்றி இறங்கும் சிறகு விதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்44 ரகத்தில் 1,300 அடி உயரம் இருந்தால் ஏறத்தாழ ஒரு கடல் மைல் தூரம் சறுக்கிப் போகலாம். கடைசி நொடிகளில், சுழலியில் சேர்ந்திருக்கும் சுழற்சியைச் செலவழித்து மெதுவாய் இறக்குவது.

ஆனால் அதற்கு உயரமும் வேகமும் வேண்டும். தாழ்வாய், மெதுவாய்த் தொங்கிக்கொண்டு நீர்வீழ்ச்சிப் படம் எடுக்கும்போது என்ஜின் நின்றால் இந்த வித்தை வேலை செய்யாது. “டெவோனுக்குக் கிட்டப் போய் அப்படியே நில்லுங்கள்” என்று கேட்பவர்களுக்கு நான் மாட்டேன் என்று சொல்வதற்கு அதுதான் காரணம். 60 நொட் வேகத்தோடு தூரத்தில் சுற்றிக்கொண்டே பாருங்கள், 97 மீட்டர் நீர்வீழ்ச்சி நன்றாகவே தெரியும்.

மனைவி பயப்படவில்லையா?

பயந்தார். தெரியாததற்குத்தான் பயம் என்பதால், முதல் நாளே ஹெலிகொப்டர் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாய்க் காட்டினேன்.

விமானி வலப்பக்கம் இருப்பார், மனைவி முன்னால் இடப்பக்கம். அந்தப் பக்கத்துக் கட்டுப்பாடுகளை, கைப்பிடி, நெம்பு, காலடி மிதி எல்லாவற்றையும், கழற்றி வைத்துவிட வேண்டும். ஆர்44-இல் அவை கழற்றக்கூடியவை. பழகாதவர் பக்கம் அவற்றை விட்டு வைப்பது பெரிய தவறு. திடுக்கிட்டுக் கால் வைத்தால் போதும். அவரே பக்கத்தில் நின்று, நான் கழற்றிய பின்னை எடுத்துத் தந்தார். கெமரா வார், கைப்பை வார் எதுவும் என் பக்கத்து நெம்பில் மாட்டாத இடத்தில் வைத்தோம்.

சேலை வேண்டாம், பறக்கும் துப்பட்டாவும் வேண்டாம். சுடிதார், கட்டிய தலைமுடி, ஒரு ஸ்வெட்டர். என்ஜின் நின்று, இறக்கை முழுதாய் நின்ற பிறகுதான் ஏறுவதும் இறங்குவதும். வால் பக்கம் போகவே கூடாது. மலைச் சரிவில் நின்றால், மேட்டுப் பக்கத்திலிருந்து ஹெலிகொப்டரை நோக்கி வரக் கூடாது. அந்தப் பக்கம் நிலம் உயர்ந்திருப்பதால் சுழலி கழுத்தளவுக்கு வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் ஓடி வருவது எப்போதும் மேட்டிலிருந்துதான் என்பதால் இதை மாமியார் வீட்டிலும் சொல்லி வைத்தோம்.

தலைசுற்று, வாந்தி வருமா?

சிலருக்கு வரும். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் கூடாது. ஃபோன் திரையைப் பார்க்காமல் தூரத்து முகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் காற்றுத் துளையைத் திறந்துவிடுங்கள். ஒரு பொலித்தீன் பை கையில் இருக்கட்டும். தடிமன், மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு வேண்டாம். இறங்கும்போது காது வலி தாங்க முடியாது.

காற்று குலுக்கினால்?

வேகத்தைக் குறைத்து 60, 70 நொட்டில் வைத்துக்கொள்வேன். ஆர்44-க்கு இரண்டு இறக்கைதான். குலுக்கலில் மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் உடம்பு எடையற்றதுபோல் மிதக்கும், அந்தக் கணத்தில் சுழலி தன் தண்டிலேயே போய் இடிக்கலாம். மலைமுகட்டைக் குறுக்கே 45 பாகையில் அணுகுவதும் இதற்காகத்தான்: பிடிக்கவில்லை என்றால் பாதித் திருப்பத்திலேயே விலகிவிடலாம்.

மின்கம்பி தெரியுமா?

தெரியாது. கம்பத்தைத்தான் பார்க்க வேண்டும். லக்ஷபானவிலிருந்தும் கொத்மலையிலிருந்தும் வரும் உயர் அழுத்தக் கம்பிகள் ஒரு முகட்டிலிருந்து இன்னொரு முகட்டுக்குப் பள்ளத்தாக்கின் மேலே ஒரே தாவலில் போகும். இரண்டு கோபுரம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, கோபுரத்துக்கு நேர் மேலே கடப்பேன். சில தோட்டங்களில் கொழுந்து மூட்டையை இறக்கக் கட்டிய பழைய கம்பிகளும் உண்டு. அவை எந்த வரைபடத்திலும் இருக்காது. மாமனார் இருந்த காலத்தில் அவர் காகிதத்தில் பென்சிலால் வரைந்து தந்த இரண்டு கம்பிகளை நான் இன்னும் பையில் வைத்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்து மைதானத்தில் இறங்குவீர்களா?

முன்கூட்டியே அனுமதி எடுக்காமல் எங்கும் இறங்குவதில்லை. தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமும் கேட்க வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் இறங்க மாட்டேன். லயத்துக் கூரைத் தகரத்துக்கு மேலே கல்லும் பழைய டயரும் தூக்கி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆணி பிடிக்காமல் போன தகரம். ஹெலிகொப்டர் கீழே தள்ளும் காற்றுக்கு அந்தத் தகரத்தைக் கிளப்பிவிடும் பலம் உண்டு. நான் வந்து போன சந்தோஷத்துக்கு ஒரு குடும்பம் அன்றிரவு மழையில் நனையக் கூடாது.

பறக்கப் பழகும் தம்பிமாருக்கு ஒன்று: பள்ளத்துக்குள் இருக்கும் மைதானத்துக்குச் செங்குத்தாய் இறங்க ஆசைப்படாதீர்கள். வேகம் 30 நொட்டுக்குக் கீழே, இறக்கம் நிமிடத்துக்கு 300 அடிக்கு மேலே என்று இரண்டும் சேர்ந்தால், தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகொப்டர் அமிழத் தொடங்கும். பின்காற்றில் இன்னும் மோசம்.

கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பூத் தூவ வருவீர்களா?

மன்னிக்க வேண்டும், முடியாது. காசு வாங்கினால் லைசன்ஸ் போய்விடும். காசில்லாமல் செய்வதற்கும், பறந்துகொண்டே கீழே எதையும் போட அனுமதி வேண்டும், அதுவும் சனம் கூடிய இடத்துக்கு மேலே. அதற்கென்று அனுமதி பெற்ற நிறுவனங்களை அணுகுங்கள்.

மேலிருந்து என்னதான் தெரியும்?

சிவனொளிபாத மலை முக்கோணமாய்த் தெரியும். அங்கே யாத்திரைக் காலத்தில் கிட்டப் போவதில்லை. படி ஏறுபவர்களின் காலையை நாங்கள் கெடுக்கக் கூடாது. பிதுருதலாகலை உச்சி பாதுகாப்பு வலயம், அதையும் விலகியே போவோம். சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும், மேல் கொத்மலைத் திட்டம் வந்தபின் அதில் தண்ணீர் மெலிந்திருப்பதும் தெரியும்.

ஆனால் நாங்கள் பார்க்கப் போனது தோட்டத்தை. கவ்வாத்து வெட்டிய மலை பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாய்க் கிடந்தது, அதை ஒட்டிய மலை பச்சைக் கம்பளி. இரண்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கான்கள் விலா எலும்பு மாதிரி வரிசையாய் இறங்கின. 1,000 அடி உயரத்தில் ஒரே ஒரு சுற்று. மனைவி எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியில் விரலை வைத்தார்: லயத்துப் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைத் தொட்டு, நாலு மடக்கு மடங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. அவருடைய அம்மா முப்பத்தொரு வருடம் கூடையோடு ஏறிய பாதை.

“இவ்வளவு செங்குத்தாவா இருந்திச்சி?” என்று கேட்டார். நடந்த காலத்தில் அது அவருக்குச் சாதாரணப் பாதையாகத்தான் இருந்திருக்கிறது. மடுவத்துக்கு முன்னால் பத்துப் பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலே பார்த்தார்கள். வாசலில் மஞ்சள் துண்டை வீசிக்கொண்டு மாமியார்.

மாமியாரை எப்போது கூட்டிப்போகிறீர்கள்?

அடுத்த பெப்ரவரியில். டொக்டரிடம் காதையும் பிரஷரையும் காட்டியாயிற்று, பறக்கலாம் என்றார். எடை 46 கிலோ. கணக்கில் எரிபொருளைக் கொஞ்சம் குறைத்தால் மூவருக்கும் கையிருப்பு மிஞ்சுகிறது. முன் இடப்பக்கத்து இருக்கை அவருக்கு, மனைவி பின்னால். தோட்டத்தின் மேலே சுற்ற வேண்டாமாம், அது தெரிந்த இடம்தானே என்கிறார். கடலைக் காட்டச் சொல்லியிருக்கிறார்.